ஒருதலைத் தீர்ப்புக்கு "அப்பீல் போட்டுத் தருகிறோம்" என்பவர்களிடம் கவனம்: மலையக உறவுகளுக்கு

தனியார் ஆஸ்பத்திரிக் கடனுக்காக உங்கள் மேல் வழக்குப் போட்டு, நீங்கள் போகாமலே தீர்ப்பும் வந்துவிட்டதா? கோர்ட் வாசலில் ஒருவர் வந்து "அப்பீல் போடலாம், பயப்படாதீங்க" என்பார். அவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட தீர்ப்புக்கு நேரடியாக அப்பீலே கிடையாது. எங்கள் மாமா இது தெரியாமல் காசைக் கொடுத்தார், கெடு நாளையும் தவறவிட்டார்.

மாமா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறவர். 2021இல் அத்தைக்குப் பித்தப்பைக் கல் முற்றி, வலி தாங்க முடியாமல் போனது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குத் தள்ளித் தள்ளித் திகதி கொடுத்ததால் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேர்க்கும்போதே ஆங்கிலப் படிவத்தில் மாமாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். முழுக் கட்டணத்துக்கும் தானே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. கட்டிய முற்பணம் போக மிச்சம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, 1,000 ரூபாய் என்று அந்த வருடம்தான் வர்த்தமானியில் வந்தது. முழுப்பேர் விழாத நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொகையின் பாரம் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு விளங்கும்.

ஆஸ்பத்திரி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அழைப்பாணை பதிவுத் தபாலில் வந்திருக்க வேண்டும். லயத்துக்குத் தனி இலக்கம் இல்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுத்தால்தான் கைக்கு வரும். மாமாவுக்கு அந்தக் கடிதம் வரவே இல்லை. 2023இல் கோர்ட் கட்டளைகளைக் கொண்டுவந்து கொடுக்கும் பிஸ்கல் உத்தியோகத்தர் தீர்ப்பாணைப் பிரதியோடு லயத்து வாசலில் வந்து நின்றபோதுதான் வழக்கு ஒன்று நடந்ததே வீட்டில் தெரிந்தது.

அந்தப் பிரதி கைக்கு வந்த நாள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நீங்கள் ஆஜராகாமல் வந்த தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்க குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86(2)ஆம் பிரிவு இடம் தருகிறது. தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள், தீர்ப்புக் கொடுத்த அதே மாவட்ட நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும் போட்டு, வராமல் போனதற்கு நியாயமான காரணத்தைக் காட்ட வேண்டும். விசாரணை வைப்பார்கள். காரணத்தை நீதிபதி ஏற்றால் தீர்ப்பு ரத்தாகும், நீங்கள் வராமல் விட்ட கட்டத்திலிருந்து வழக்கு திரும்ப நடக்கும், பில்லில் இல்லாததைப் போட்டிருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம். அதே கோவையின் 88(1)ஆம் பிரிவு, ஆஜராகாததால் வந்த தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை என்கிறது. 86(2) மனுவை நிராகரித்தால் அந்தக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்யலாம். அப்பீல் வருவது அதற்குப் பிறகுதான்.

இதில் ஏமாற்றுக்காரருக்கு வசதியான இடம் ஒன்று உண்டு. சாதாரணத் தீர்ப்புக்கு மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கவும் 14 நாள்தான். அங்கே ஞாயிறும் அரச விடுமுறையும் கணக்கில் வராது, தீர்ப்பு நாளிலிருந்து 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனுவையும் போட வேண்டும். இரண்டு வழிக்கும் ஒரே 14 என்பதால் "14 நாளுக்குள்ள போட்டாச்சு" என்று எவன் சொன்னாலும் உண்மை மாதிரியே இருக்கும்.

தீர்ப்பாணையை எடுத்துக்கொண்டு மாமா டவுனுக்குப் போனார். கோர்ட்டுக்கு முன்னால் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தாராம். தமிழ்தான். வெள்ளைச் சட்டை, கையில் பைல்.

"ஐயா, இது பெரிய விசயமில்ல. கண்டி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போட்டா தீர்ப்பு அப்படியே நின்னுரும். நம்ம லோயர் இருக்காரு."

நிற்கவும் இல்லை. அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பின் நிறைவேற்றம் தானாக நின்றுவிடாது, தடையுத்தரவு வேண்டும் என்றால் நீதிமன்றத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். மாமா கேட்டது ஒன்றுதான்: "தம்பி, சம்பளத்துல புடிப்பாங்களா?" அதற்கு அந்த ஆள், அப்பீல் போடாவிட்டால் சம்பளம் முழுக்கப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். தொழிலாளியின் கூலியைக் கடனுக்காகக் கைப்பற்ற முடியாது என்று 218ஆம் பிரிவில் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல அந்த இடத்தில் யாரும் இல்லை.

சட்டத்தரணி என்று ஒருவரைக் காட்டினார்கள். அவர் பேசியது கொஞ்ச நேரம், அதுவும் சிங்களத்தில், தரகர்தான் தமிழில் சொன்னார். அறிவித்தலுக்கு ஒரு தொகை, முத்திரைக்கு ஒன்று, டைப்புக்கு ஒன்று. மொழிபெயர்ப்புக்கும் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வழக்குப் பத்திரங்களைத் தமிழில் கொடுக்கவும், வழக்கு மொழி தெரியாவிட்டால் அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையிலேயே உரிமை இருக்கிறது. பிறகு 60 நாள் மனுவுக்கு என்று மறுபடியும் காசு. அத்தையின் தோடு அதில்தான் அடகுக்குப் போனது. ஒரு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்குக் கிட்ட இழுத்தது. எப்போது கேட்டாலும் "தவணை போட்டிருக்கு". 2025இல் ஆஸ்பத்திரியின் சட்டத்தரணி எழுந்து 88(1)ஐக் காட்டினார், மேன்முறையீடு தள்ளுபடியானது. அதற்குள் வட்டியும் ஓடியிருந்தது. அன்றைக்கே தரகரின் போன் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனோம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். கண்டியிலும் நுவரெலியாவிலும் நிலையம் இருக்கிறது. அங்கிருந்த சட்டத்தரணி அம்மா முதலில் செய்தது, வழக்கேட்டை எடுத்துப் பார்த்ததுதான். அழைப்பாணை உறையில் தோட்டத்தின் பெயர் மட்டும்தான் இருந்திருக்கிறது, டிவிசன் பெயர் இல்லை. அந்தத் தோட்டத்தில் மூன்று டிவிசன், மாமாவின் பெயரில் மேல் டிவிசனில் இன்னொருவரும் இருக்கிறார். "இதை 14 நாளுக்குள்ள கொண்டுவந்திருந்தா நான் சந்தோசமா மனுப் போட்டிருப்பேன்" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் ஆத்திரம். தேத்தண்ணிக் கடை ஆளுக்கும் அந்த லோயருக்கும் வழக்கேட்டைத் திறந்து பார்க்கும் எண்ணமே இருந்திருக்காது.

மீளாய்வு மனு என்று ஒரு வழி இருக்கிறது. விசேட காரணம் காட்ட வேண்டும், தாமதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், கொடுப்பதும் கொடுக்காததும் நீதிமன்றத்தின் விருப்பம். இவ்வளவு காலம் போன பிறகு அதில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியின் சட்டத்தரணியோடு பேசி மாதத் தவணைக்கு ஒத்துக்கொள்ள வைத்தார். மாமா இப்போது கட்டி வருகிறார்.

உங்களுக்கும் இப்படி ஒரு கடதாசி வந்தால், அது கைக்கு வந்த திகதியை அதிலேயே எழுதி வையுங்கள். உறையைக் கிழித்துப் போடாதீர்கள், தபால் முத்திரை சாட்சி சொல்லும். தபால் எப்படி வருகிறது என்று தோட்ட ஆபீசிலோ கிராம சேவகரிடமோ கடிதம் வாங்கினால் சத்தியக்கடதாசிக்கு உதவும். சட்டத்தரணி வைத்தால் புரொக்சியில் (உங்களுக்காக ஆஜராக அவருக்கு நீங்கள் கையெழுத்து வைத்துக் கொடுக்கும் பத்திரம்) யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள், என்ன மனு, எந்தப் பிரிவில் என்று கேளுங்கள், போட்ட மனுவின் பிரதி ஒன்றைக் கையோடு வாங்குங்கள். 86(2) என்ற இலக்கம் அதில் இல்லாவிட்டால் அன்றைக்கே வேறு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அந்தச் சட்டத்தரணி மேல் முறைப்பாடு எழுதிச் சமாதான நீதவான் முன் மாமா கையெழுத்து வைத்திருக்கிறார். சட்டத்தரணிகளின் நடத்தை பற்றி உயர் நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசியோடு முறையிடலாம். எங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் தரகரின் கணக்கில் போட்ட இரண்டு வங்கித் துண்டுகள். ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் கோர்ட் வாசலில் இதே மாதிரிக் காசு கொடுத்தவர்கள் இருந்தால் துண்டுகளைத் தொலைத்துவிடாதீர்கள். உங்கள் முறைப்பாட்டையும் எழுதிப் போடுங்கள்.