மூன்று மருந்து, ஒரே ட்யூப்

ஊருக்குச் சென்ற நான்காம் நாள், இடுப்பில் பெல்ட் அழுந்தும் இடத்தில், ஓரம் தடித்தும் நடுப்பகுதி சற்றுத் தெளிந்தும் வட்டமாக ஓர் அரிப்பு தோன்றியது. மருந்துக்கடையில் இருந்தவர் அதைப் பார்க்கவோ எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கவோ இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு களிம்பு ட்யூப் என் கைக்கு வந்துவிட்டது. நான் வசிக்கும் நாட்டில் மருத்துவரின் சீட்டுக்காகப் பல நாள் காத்துப் பழகிய எனக்கு இந்த வேகம் உண்மையிலேயே மகிழ்ச்சியளித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றே நாளில் அரிப்பு நின்றது. நானும் பூசுவதை நிறுத்தினேன். அடுத்த வாரம் அது முன்னைவிட அகலமாகத் திரும்பியது. வட்டத்தின் ஓரம் மங்கியிருந்ததால் படர்தாமரையா வேறேதுமா என்றே சொல்ல முடியவில்லை; சொறிந்த இடத்தில் தேன் நிறப் பொருக்கும் கட்டியிருந்தது.

தோல் மருத்துவர் முதலில் கேட்டது அந்த ட்யூபைத்தான். அதில் பூஞ்சைக்கு மைக்கோனசோல், பாக்டீரியாவுக்கு நியோமைசின், இவற்றோடு மிகவும் வீரியமான ஸ்டீராய்டுகளில் ஒன்றான க்ளோபெட்டசால் ஆகிய மூன்றும் இருந்தன. அரிப்பைத் தணித்தது மூன்றாவதுதான் என்றும், அழற்சியை அடக்கும் அதே மருந்து தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சை தடையின்றிப் பரவியது என்றும் அவர் விளக்கினார். பிறகு, மழுங்கிய கத்தியால் ஓரத்துச் செதில்களைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தார். தோல் செல்கள் கரைந்து தெளிய, கிளைவிட்ட பூஞ்சை இழைகள் மட்டும் தெரிந்தன, எனக்கும் காட்டினார். அதிக நேரம் பிடிக்காத இந்தச் சோதனையே அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை என்பேன்.

பொருக்குக் கட்டிய இடத்துக்கு மட்டும் மியூபிரோசின் ஆயின்மென்ட், நாளுக்கு மூன்று முறை, ஐந்து நாள். படர்தாமரைக்கு டெர்பினாஃபின் க்ரீம், தடிப்பு மறைந்த பின்னும் இரண்டு வாரம். பாக்டீரியாவைக் கொல்லும் மியூபிரோசின் பூஞ்சையை ஒன்றும் செய்யாது என்பதால்தான் இரண்டையும் தனித்தனியே கொடுத்தார். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும், அது இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும் என்று விரலைப் பிடித்தே அளந்து காட்டினார். குளித்தபின் நன்றாகத் துடைத்து உலர்த்திய தோலில், தடிப்பின் எல்லைக்கு வெளியேயும் இரண்டு செ.மீ. வரை பூச வேண்டும். துண்டை யாருடனும் பகிரக் கூடாது. நான் இதுவரை நடுவில் மட்டும் தாராளமாக அப்பிக்கொண்டிருந்தேன். பூஞ்சையோ ஓரத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

மிச்சமிருந்த பழைய ட்யூபை எறிந்துவிடச் சொன்னார். வீட்டில் கேட்டபோதுதான், என் அண்ணி அதை எடுத்துக் குழந்தையின் கன்னத்துத் தேமலுக்கு இரண்டு நாளாகப் பூசிவந்தது தெரிந்தது. முகத்தில், அதுவும் குழந்தையின் முகத்தில், அத்தகைய ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும் என்பதால் மறுநாளே குழந்தையையும் அவரிடம் அழைத்துச் சென்றோம்.

நான் திரும்பும்போது தடிப்பும் செதிலும் மறைந்து, பழுப்பு நிறத் தடம் மட்டும் எஞ்சியிருந்தது. அது மங்க மாதங்கள் ஆகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், இரண்டு வாரக் கணக்கை முடித்தபின் அதன்மேல் எதையும் பூசவில்லை.