ஐந்து மில்லிலீற்றர் நீலம்: நிக்கல் ரெசினுடன் நாலு வருடம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில், நாலு வருடமாக ஒரே நிக்கல்-என்டிஏ ரெசினில் (நிக்கலைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன நீல மணிகள்) புரதம் பிரிக்கிறேன். மொத்தமே ஐந்து மில்லிலீற்றர்தான். புதிதாக ஓடர் கொடுத்தால் கைக்கு வர மாதக்கணக்காகும். அதனால் கழுவிக் கழுவி அதையே பாவிக்கிறேன்.

நிக்கல் அயனுக்கு ஆறு பிடி. நாலை மணியில் இருக்கும் என்டிஏ என்ற மூலக்கூறு பிடித்துக்கொள்ளும். மிச்சம் இரண்டில், எங்கள் புரதத்தின் வாலில் சேர்த்த ஆறு ஹிஸ்டிடின்களில் (ஒருவகை அமினோ அமிலம்) இரண்டு வந்து ஒட்டும். ஹிஸ்டிடினோடு அந்த இடத்துக்குப் போட்டிபோடும் இமிடசோலால், 20 மில்லிமோலாரில் கழுவினால் சும்மா ஒட்டியவை போகும். 250இல் புரதம் இறங்கும். நொதியச் சோதனைகளுக்கு அந்தச் சுத்தம் போதும்.

இரண்டாம் வருடம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பழக்கதோஷத்தில், உலோக அயன்களைப் பிடிக்கும் ஈடிடிஏ கலந்த கரைசலில், எங்கள் புரதத்தைச் செய்யும் பற்றீரியாவை உடைத்து, அப்படியே கொலத்துக்குள் (ரெசின் நிரப்பிய குழாய்) ஊற்றிவிட்டேன். நீலம் மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டே வந்தது, கீழே இளநீலமாகச் சொட்டியது. நிக்கலை ஈடிடிஏ பிடுங்கிவிட்டது. புரதமும் சேர்ந்தே போய்விட்டது. ஆனால் ரெசின் சாகவில்லை. மிச்ச நிக்கலையும் ஈடிடிஏயாலேயே நீக்கி, தண்ணீரால் நன்றாகக் கழுவி, 0.1 மோலார் நிக்கல் சல்பேற் விட்டதும் திரும்ப நீலமானது. டிடிடி என்ற ஒடுக்கும் பொருள் பட்டால் ரெசின் கபிலமாகும். அதற்கும் இதுதான் வைத்தியம்.

இன்னொன்று, புரதத்தை அளக்கும் 280 நனோமீற்றரில் இமிடசோலும் ஒளியை உறிஞ்சும். முதல் மாதம் விளைச்சலைப் பார்த்துப் பூரித்தேன். பிறகுதான் தெரிந்தது, ஒப்பீட்டுக்கு வெறும் தண்ணீரை வைத்திருந்தேன் என்று!

கச்சான் காற்றுக் காலத்தில் கொலம் ஓட்டுவதே இல்லை. குளிரறை கிடையாது, சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் புரதம் பாழ். குழாயில் ரெசினோடு கலந்து, மீன்காரர் வைத்திருப்பது போன்ற ஐஸ் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் இடைக்கிடை புரட்டுவேன். கரண்ட் போனாலும் கவலையில்லை.

வேலை முடிந்தால் ரெசின் 20 சதவீத எதனோலில், பிரிட்ஜில். உறையவிடக் கூடாது. நிக்கல் கழிவை மட்டும் தொட்டியில் ஊற்ற மாட்டேன், சுற்றிவரக் கிணறுகள். மூலையில் ஒரு கான் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வந்த பிள்ளை கேட்டாள்: “அக்கா, இது வெள்ளை உடுப்புக்குப் போடுற நீலமா?”