ஃபிரேசல் வெர்ப்களுடன் 6 ஆண்டுகள்: பட்டியலைக் கைவிட்ட பிறகு கற்றவை

வேலையில் சேர்ந்த புதிதில் வந்த ஒரு மின்னஞ்சலில், மறுநாள் நடக்கவிருந்த கூட்டம் 'புட் ஆஃப்' செய்யப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது. 'ஆஃப்' என்றாலே அணைப்பது, நிறுத்துவது என்று மனத்தில் பதிந்திருந்ததால், கூட்டம் ரத்தாகிவிட்டது என்று எண்ணி, செய்துகொண்டிருந்த தயாரிப்பை அப்படியே விட்டுவிட்டேன். ரத்துசெய்வது 'கால் ஆஃப்' என்பதும், 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவதை மட்டுமே குறிக்கும் என்பதும், இரண்டு நாள் கழித்து அதே கூட்டத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தன. ஆங்கில வினையோடு 'ஆஃப்', 'அப்' போன்ற சிறுசொல் சேர்ந்து வேறு பொருள் தரும் இத்தகைய கூட்டுகளே ஃபிரேசல் வெர்ப்கள். அவற்றைக் கற்க அன்று தொடங்கிய முயற்சிக்கு இப்போது 6 ஆண்டுகள் ஆகின்றன.

முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வீணாயின. 'கெட்' என்று தலைப்பிட்டு, அதன் கீழ் 'கெட் ஓவர்', 'கெட் பை', 'கெட் த்ரூ' என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரே முகச்சாயல் கொண்டவற்றை ஒரே நாளில் படித்ததால், பேச வாய் திறக்கும்போது எது எதற்குரியது என்ற குழப்பமே மிஞ்சியது. பட்டியலை வினைச்சொல்லின் கீழ் அடுக்காமல், பின்னால் ஒட்டும் சிறுசொல்லின் கீழ் அடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஓரளவு வெளிச்சம் தெரிந்தது. 'யூஸ்' என்றால் பயன்படுத்துவது. 'யூஸ் அப்' என்றால் மிச்சமில்லாமல் பயன்படுத்தித் தீர்ப்பது. 'ஈட் அப்', 'டிரிங்க் அப்' ஆகியவற்றிலும் அந்த 'அப்' முழுமையையே உணர்த்துகிறது. ஆனால் இந்த வழி எல்லா இடத்துக்கும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைகிறது. அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் ஒலிக்கத் தொடங்குகிறது. இத்தகையவற்றை வாக்கியத்தோடு சேர்த்து மனத்தில் இருத்துவதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

1755இல் வெளியான தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருளை மாற்றும் இந்த அமைப்புதான் அயல்மொழியினருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று குறிப்பிட்டிருக்கிறார். அதில் உண்மை உண்டு என்றாலும், தமிழ் பேசுபவருக்கு இது முற்றிலும் அந்நியமானது அன்று என்பதே என் அனுபவம். 'பார்' என்ற சொல்லுக்கு மட்டும் பொருள் தெரிந்த ஒருவரால் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதன் பொருளை ஊகிக்க முடியாது. 'லுக்' தெரிந்தவர், பார்த்துக்கொள்வதைக் குறிக்கும் 'லுக் ஆஃப்டர்' முன்னால் திகைப்பதும் அதேபோலத்தான். என்னைக் கவிழ்த்த 'புட் ஆஃப்' கூட நம்முடைய 'தள்ளிப்போடு' என்பதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது! இரண்டிலும் 'போடு' இருக்கிறது. இரண்டிலும் விலக்கிவைக்கும் குறிப்பு இருக்கிறது. இந்த ஒப்புமை பிடிபட்ட நாளிலிருந்து, இவற்றை உடைத்துப் பொருள் தேடாமல் ஒரே சொல்லாக ஏற்கும் பழக்கம் வந்தது.

நம் மொழி உதவாத இடம் சொல்வரிசை. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரியே. ஆனால் விளக்கைச் சுட்டி 'இட்' என்று சொன்னால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'டர்ன் ஆஃப் இட்' பிழை. 'லுக் ஆஃப்டர்' போன்றவையோ பிரியவே பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றுதான் சொல்ல வேண்டும். எது பிரியும், எது பிரியாது என்று அறிய, கற்போருக்கான அகராதிகளில் 'சம்திங்' என்ற சொல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். 'புட் சம்திங் ஆஃப்' என்று நடுவில் நின்றால் பிரியும். இந்த ஒரு பழக்கம், நான் படித்த இலக்கண விளக்கங்கள் பலவற்றைவிட அதிகம் உதவியது.

காதுக்கும் ஒரு குறிப்பு உண்டு. 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மீது விழும். 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மீது விழும். வண்டி பழுதாகி நிற்பதை 'பிரேக் டவுன்' என்று வினையாகச் சொல்லும்போது 'டவுன்' அழுத்தம் பெறுகிறது. 'பிரேக்டவுன்' என்று பெயர்ச்சொல்லாக்கினால் அழுத்தம் 'பிரேக்'குக்கு மாறுகிறது. இதைக் கவனிக்கத் தொடங்கிய பின் வேகமான உரையாடல்களிலும் இவை தனித்துக் கேட்கின்றன.

'போஸ்ட்போன்' (தள்ளிப்போடு), 'டாலரேட்' (பொறுத்துக்கொள்) போன்ற ஒற்றைச் சொற்களிடம் ஒதுங்கும் வழக்கம் எனக்கு நெடுங்காலம் இருந்தது. அவை பிழையல்ல, ஆனால் இயல்பான பேச்சில் விறைப்பாக ஒலிக்கின்றன. 'புட் ஆஃப்' இப்போது யோசிக்காமலே வாயில் வருகிறது. பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும் 'புட் அப் வித்' போன்ற மூன்று சொல் கூட்டுகளைக் கேட்டால் புரிந்துகொள்கிறேன். நானே சொல்ல வேண்டியபோது 'டாலரேட்'தான் இன்னும் முந்திக்கொள்கிறது.