பழைய 18-35 லென்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: என் 1,600 வெள்ளி (ரிங்கிட்) போன விதம்

சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணம், திருவிழா என்று படம் எடுக்கிற தம்பி தங்கைகளே, பழைய சிக்மா 18-35 எஃப் 1.8 ஜூம் லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நல்ல லென்ஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏபிஎஸ்-சி என்கிற சிறிய சென்சார் கேமராக்களுக்காக 2013-இல் வந்தது. ஜூம் முழுவதும் எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் வரும் துளை பெரிது). எஃப் 2.8 ஜூமைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஃபிளாஷ் போடாமல் படம் எடுக்கிறவனுக்கு அது பெரிய வரம்.

ஈப்போவில் ஒரு கடையில் 1,600 வெள்ளிக்கு வாங்கினேன். "ஒரே கைதான் பாவிச்சது, புதுசு மாதிரி இருக்கு அண்ணே" என்றார்கள். பளிச்சென்ற கடை விளக்கில் நடுவில் வைத்து நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அத்தை மகள் கல்யாணம். மாலை மாற்றும் படத்தில் பெண் தெளிவு, மாப்பிள்ளை மங்கல். எஃப் 1.8 அல்லவா, ஒருவர் கொஞ்சம் பின்னால் நின்றிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் குடும்பப் படங்களைத் துளையைச் சுருக்கி எஃப் 4-இல் எடுத்திருந்தேன், அதில் ஒருவர் கொஞ்சம் பின்னால் நின்றாலும் இவ்வளவு மங்காது. எல்லாவற்றிலும் இடது ஓரம் நின்றவர்கள் முகம் கரைந்து போயிருந்தது. என் தாத்தாவும் அந்த ஓரத்தில்தான் நின்றார். அந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியாது.

வீட்டில் கைபேசி விளக்கைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தேன். உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. மவுண்ட், அதாவது கேமராவில் மாட்டும் பக்கத்துத் திருகுகளின் தலை தேய்ந்திருந்தது. யாரோ திறந்து துடைத்துவிட்டுக் கண்ணாடியை நேராக உட்கார வைக்காமல் மூடியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

கடைக்குப் போனால், "இவ்வளவு பெரிய துளைன்னா ஃபோகஸ் தவறும் அண்ணே, யூஎஸ்பி டாக் வாங்கிச் சரிபண்ணிக்கோங்க" என்றார்கள். இங்கேதான் ஏமாந்துவிடாதீர்கள். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே ஆடி வைத்த கேமரா) ஃபோகஸ் முன்னே பின்னே போவது உண்மை. லென்ஸைக் கணினியில் இணைக்கும் கருவியான டாக் அதைத்தான் திருத்தும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அது வேறு நோய், டாக்கில் தீராது.

இரண்டையும் கடையிலேயே பிரித்துப் பார்க்கலாம். கேமராவை ஆடாமல் வைத்து, லைவ் வியூவில் (பின் திரையில் பார்த்து; அதில் அந்த முன்னே பின்னே தவறு வராது) ஃபோகஸ் செய்து, செங்கல் சுவரையோ ஒட்டிய செய்தித்தாளையோ நேர் எதிரே நின்று எஃப் 1.8-இல் எடுங்கள். ஜூமை 18, 24, 35 மி.மீ. மூன்றிலும் வைத்து எடுங்கள். நான்கு மூலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்புறம் விளக்கடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ரசீதில் லென்ஸின் சீரியல் எண்ணையும், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதையும் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் "லென்ஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது.

900 வெள்ளிக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கொடுத்தால் அடுத்த வாரம் வேறு ஒரு பிள்ளை தலையில் கட்டுவார்கள், மறுத்துவிட்டேன். 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணை நாள் வரும்வரை அந்த லென்ஸ் தனி டப்பாவில், திருகில் கை வைக்காமல், அப்படியே இருக்கிறது.