ஒற்றைப் பாதையில் ஓர் உணவகம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், கரையோரப் புகையிரதப் பாதைக்கு முதுகு காட்டி நிற்கும் சிறிய உணவகமொன்றுக்கு இம்மாதம் இரு தடவை சென்றேன். கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் யாழ்தேவி புகையிரதத்தின் பெட்டியைப் போல அமைக்கப்பட்ட இடம் அது. வெறும் அலங்காரமாக இருக்கும் என்றெண்ணிச் சென்ற எனக்கு, கட்டடத்தின் குறைகளையே விளையாட்டாக மாற்றித் தீர்த்திருக்கும் விதம் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

கடையின் அகலம் 9 அடிதான் இருக்கும். இருபுறமும் இருக்கைகள் போட்டபின் நடுவில் ஒருவர் மட்டுமே நடக்கலாம். சூடான கறியோடு வருபவரும் வெறுந்தட்டுகளோடு திரும்புபவரும் எதிரெதிரே வந்தால் விலக இடமில்லை. மலையகத்தின் ஒற்றைப் புகையிரதப் பாதையில் இரு வண்டிகள் ஒரே பகுதிக்குள் நுழையாதிருக்க, நிலையத்தில் சாரதியிடம் வளையமொன்று கையளிக்கப்படுவதைப் பதுளைக்குப் பயணித்தவர்கள் கண்டிருப்பார்கள். அந்த முறையைத்தான் இங்கே எடுத்தாண்டிருக்கிறார்கள். சமையலறை வாசலில் தொங்கும் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டவரே நடைவழியில் இறங்கலாம். அவர் திரும்பி அதைக் கொளுவும்வரை மற்றவர் காத்திருப்பார். இரவு எட்டு மணி நெரிசலிலும் ஒரு தட்டுக்கூடச் சரியவில்லை. பின்புறம் வண்டி ஓடும்போதெல்லாம் தம்ளர்கள் அதிர்வதால், மேசைகளின் விளிம்பையும் சற்று உயர்த்தியிருக்கிறார்கள்.

மேசைகளுக்கு இலக்கமில்லை, கொழும்புக் கோட்டை முதல் யாழ்ப்பாணம் வரையிலான நிலையப் பெயர்களே உள்ளன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அகற்ற முடியாத தூணொன்று துருத்தி நிற்பதால், அங்கே மேசை போட இயலவில்லை. அந்த வெற்றிடத்தைப் பூச்சாடி வைத்து மறைக்காமல், தூணில் 1990, 2014 என இரு ஆண்டுகளை மட்டும் எழுதியிருக்கிறார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போரினால் யாழ்ப்பாணத்தை எட்டாதிருந்த காலம் அது. என் தாயார் அவ்விடத்தில் நெடுநேரம் நின்றார்.

பிட்டும் கணவாய்க் கறியும் மிக நன்று. இறால் வடையில் உப்புக் கூடிவிட்டது. இருக்கைகளின் சாய்மானம் நேர்க்குத்தாக இருப்பதால் முதியவர்களுக்கு அரை மணி நேரத்திலேயே முதுகு வலிக்கும். மெத்தையாவது வைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஓடும் வண்டிச் சத்தத்தையும் நிறுத்திவிடலாம், உண்மையான வண்டி பின்சுவருக்கு அப்பாலேயே ஓடுகிறதே. செல்பவர்கள் சாவகச்சேரி மேசையைக் கேட்டு அமருங்கள். மாலையில் பின்கதவைத் திறந்துவிட்டால் கடற்காற்று அங்கேதான் நன்றாக வீசும்.