ஒற்றை ஆளுக்கு ஒன்றாம் நம்பர்: விடுமுறை நாளில் திருச்சி டவுன் பஸ்

தனியாகத் திருச்சி பார்க்க வருகிறவர்களுக்கு லாட்ஜ் வாசலிலேயே ஒரு பேக்கேஜ் நீட்டப்படும். ஒரு கார், நாலு கோயில், ஒரே நாள். நாலு பேர் பங்கு போட்டால் அது நியாயமான காசு. ஒற்றை ஆளுக்குத் தண்டம். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் டவுன் பஸ், ஊரின் மூன்று பெரிய இடங்களையும் ஒரே தடத்தில் கோத்துக் கொடுக்கிறது: மலைக்கோட்டை, திருவானைக்கோயில், ஸ்ரீரங்கம். அடிக்கடி வண்டி உண்டு. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. எத்தனை முறை இறங்கி ஏறினாலும் நாள் முழுக்க ஆகிற செலவு ஒரு டிபன் காசைத் தாண்டாது. காருக்கு இருக்கிற ஒரே சாதகம், பையையும் செருப்பையும் அதிலேயே போட்டுவிட்டுப் போகலாம் என்பது. தனி ஆளுக்கு அதுவும் சின்ன விஷயமில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் வந்து இறங்குகிற இடம். 2025-இல் சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த வெளியூர் வண்டிகள் பெரும்பாலும் மதுரை ரோட்டிலுள்ள பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறிவிட்டன. பழைய நினைப்பில் சென்ட்ரலில் போய் இறங்கலாம் என்று கிளம்பினால் ஊருக்குத் தெற்கே இறங்கி, மறுபடி டவுன் பஸ் பிடித்து உள்ளே வர வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் உத்தமம். தஞ்சாவூரிலிருந்து 50 கிலோமீட்டர். ஜங்ஷனில் இறங்கினால் சென்ட்ரலுக்குப் பொடிநடை. சென்னையிலிருந்து அரியலூர் வழியாக வருகிற ரயில் ஸ்ரீரங்கத்தில் நிற்குமானால் அங்கேயே இறங்கி, கீழே சொல்கிற வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம்.

பையைத் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை ஏறாதீர்கள். ஜங்ஷனில் பொருள் காப்பறை இருக்கிறது. ரயில் டிக்கெட் கேட்பார்கள், பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். ஜிப்பில் மாட்டுகிற சின்னப் பூட்டு ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்து வருவது நல்லது. டிக்கெட் கைபேசியில் மட்டும் இருந்தால், பேட்டரி தீர்வதற்குள் திரும்பி வாருங்கள்.

இனி வண்டி. சென்ட்ரலிலிருந்து, மலைக்கோட்டைப் பக்கத்திலுள்ள சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. சில பாலக்கரை வழி, சில தில்லைநகர் வழி. மலைக்கோட்டைக்கு இறங்க வேண்டியது மெயின்கார்டு கேட். ஏறுவதற்கு முன் "மெயின்கார்டு கேட் போகுமா?" என்று கேட்டுவிட்டால் போதும். பலகையைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயல்வது வெளியூர்க்காரர்களுக்கு வீண் வேலை, அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். திருச்சியில் தனியார் டவுன் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் ஒரே தடத்தில் முந்திக்கொண்டு ஓடுகின்றன. பெண்களுக்கு இலவசப் பயணம் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில்தான். தனியார் வண்டியில் காசு கொடுக்க வேண்டும். இலவசம் என்றாலும் நடத்துநரிடம் சீட்டு வாங்கியே ஆக வேண்டும். தனியார் வண்டி வேகமாகப் போய்ச் சேர்க்கும், பாட்டும் போடும். ஆனால் நிறுத்தத்தில் முழுதாக நிற்காது. முதுகில் பையோடு தனியாக இறங்குகிறவர் முந்தைய நிறுத்தத்திலேயே எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்துவிட வேண்டும். சில்லறை கட்டாயம். பத்து ரூபாய்த் தாளாகவும் ஐந்து ரூபாய் நாணயமாகவும் நூறு ரூபாய்க்கு மாற்றி வைத்துக்கொண்டால் நாள் ஓடிவிடும்.

வண்டிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. குறைகிற ஒன்று விடுமுறை நாளின் மாலைக் கூட்டத்துக்காக.

இந்த ஊரில் நாளைத் தீர்மானிப்பது நடை சாத்துகிற நேரம். வண்டி தவறினால் பின்னாலேயே அடுத்தது வந்துவிடும். கோயில் நடை தவறினால் இரண்டு மூன்று மணி நேரம் போச்சு. தனியாக வருகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, ஸ்ரீரங்கம்தான் பெரிது என்று காலையில் முதலில் அங்கே போவது. வெளியே வரும்போது மதியமாகிவிடும். திருவானைக்கோயில் சாத்தியிருக்கும், மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னதி சாத்தியிருக்கும், பாறை கொதிக்கும்.

ஆகவே காலை ஆறு, ஆறரைக்கு மலைக்கோட்டை. மெயின்கார்டு கேட்டிலிருந்து தெப்பக்குளத்தை ஒட்டி நடந்தால் கடைத்தெருவுக்கு நடுவே நுழைவாயில். கடைகள் அந்நேரம் திறந்திருக்காது, அதனால் வாசலைத் தவறவிடுவது சுலபம். கீழே இருக்கிற மாணிக்க விநாயகர் சன்னதியைக் கேட்டால் காட்டுவார்கள். செருப்பை அங்கேயே விட வேண்டும். நானூறுக்கு மேல் படி. முக்கால்வாசி பாறையைக் குடைந்த உள்வழி, நிழல்தான். கடைசிப் பகுதி மட்டும் வெட்ட வெளி. அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் காலையில் வரச் சொல்வது. உச்சிக்குப் போகிற அவசரத்தில் பல பேர் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரையைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். இறங்கும்போதாவது நின்று பாருங்கள். உச்சிப் பிள்ளையார் இருக்கிற பாறை 83 மீட்டர் உயரம். அங்கிருந்து வடக்கே பார்த்தால் அன்றைய மிச்சத் திட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்: காவிரிப் பாலம், திருவானைக்கோயில் கோபுரங்கள், ராஜகோபுரம், அதற்கு அப்பால் கொள்ளிடம். வேகமாக ஏறினால் முழங்கால் இறங்கும்போதுதான் பேசும். ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் மெயின்கார்டு கேட்டிலேயே மறுபடி ஒன்றாம் நம்பர். இடம் கிடைக்காவிட்டால் சத்திரம் வரை நடந்துவிடலாம். காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச் சாலை, அடுத்து திருவானைக்கோயில்.

காலை டிபனை இங்கே வரை தள்ளிப்போடலாம். 1943-இலிருந்து நடக்கிற பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட்தான் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் துணைக்கு. விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். இங்கே மட்டும் தனி ஆளுக்கு யோகம்: மேசையில் ஒரு இடம் காலியானால் முன்னால் நிற்கிற ஐந்து பேரைத் தாண்டி உங்களைத்தான் கூப்பிடுவார்கள். பழைய கடை, இடம் நெருக்கடி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசுகிற இடமில்லை.

ஜம்புகேசுவரர் கோயில் பகல் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறக்கிறது. பத்தரைக்கு உள்ளே போனால் பிராகாரங்களை நிதானமாகச் சுற்றி, உச்சிகால பூஜைக்குப் பதினொன்றரைக்கு அம்மன் சன்னதிப் பக்கம் வந்து நிற்கலாம். அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேசுவரியாகவே சுவாமி சன்னதிக்குப் போய்ப் பூஜை செய்வதைப் பார்க்க இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. கருவறை தாழ்வானது; ஒன்பது துளை வைத்த கல் ஜன்னல் வழியாகத்தான் தரிசனம். நீர்த்தலம் ஆனதால் காவிரியில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் லிங்கத்தைச் சுற்றி ஊற்று நிற்கும். பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் நேரத்துக்கு முன்னால் போய் நிற்பதைத் தவிர வழியில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ரீரங்கம். இங்கே கோயில் 156 ஏக்கர், ஏழு பிராகாரம், வெளிச்சுற்றுகள் ஊராகவே இருக்கின்றன. நடுவில் பெருமாள் சன்னதிக்குத் திரை போட்டாலும் பார்க்க நிறைய உண்டு. நூற்றாண்டுக்கணக்கில் மொட்டையாக நின்று 1987-இல் முடிந்த ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை. அண்ணாந்து பார்த்துவிட்டு ரங்கா ரங்கா கோபுரம் வரை செருப்போடு நடக்கலாம், அங்கே விட்டுவிட வேண்டும். ரங்கவிலாச மண்டபத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் வாங்கி மேல்தளம் ஏறினால் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். மாலைக்கு முன்பே அதை மூடிவிடுவதால் தரிசனத்துக்கு முன்னால் இதை முடியுங்கள். அங்கிருந்து வலப்பக்கம், கிழக்கே வெள்ளை கோபுரத்தை நோக்கிப் போனால் ஆயிரங்கால் மண்டபமும், அதற்கு எதிரே சேஷராயர் மண்டபத்தில் முன்கால் தூக்கிப் பாய்கிற குதிரைத் தூண்களும். தரிசன வரிசையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு இதைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். அவசரக்காரர்கள் வரிசையை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பது என் கட்சி. பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். வெயில் காலத்தில் வெள்ளைப் பூச்சு அடித்த தடத்தை விட்டு இறங்கினால் பாதம் பொரிந்துவிடும்.

தனி ஆள் இலவச வரிசையில் நுழைந்தால் நடுவில் வெளியே போய் வர முடியாது, இடம் பிடித்து வைக்க ஆள் இல்லை. கழிப்பறை, தண்ணீர் எல்லாம் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். கைபேசிக் கட்டுப்பாடு கோயிலுக்குக் கோயில் மாறும். கொடுத்து வைக்கச் சொன்னால் ஜிபே, டிக்கெட், லாட்ஜ் முகவரி எல்லாம் அதோடு போய்விடும். ஒரு துண்டுத் தாளில் வேண்டியவர்களின் இரண்டு போன் எண்களும், சட்டைப் பையில் இருநூறு ரூபாய் ரொக்கமும் இருக்கட்டும். டோக்கனைத் தொலைத்தால் நம்முடையதுதான் என்று சாட்சி சொல்லவும் ஆள் கிடையாது.

அம்மா மண்டபம் ராஜகோபுரத்திலிருந்து தெற்கே நடக்கிற தூரம். படித்துறையில் உட்காரலாம். தனியாக வந்தவர் குளிக்காமல் இருப்பதே மேல். துணி, பணம், கைபேசி மூன்றையும் பார்க்க ஆள் இல்லை, தண்ணீர் வரத்து அதிகமானால் இழுப்பும் உண்டு. கொள்ளிடத்தில் இறங்கவே வேண்டாம். மணல் எடுத்த பள்ளம் எங்கே என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது.

முக்கொம்பும் கல்லணையும் இந்த ஒரு நாளில் அடங்காது. சத்திரத்திலிருந்து தனியாகப் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அரை நாள் தேவை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேராத மாதத்தில் போனால் மணலைப் பார்த்துவிட்டு வரலாம். ராணி மங்கம்மாள் மண்டபத்து அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை, இரண்டாம் சனிக்கிழமை, தேசிய விடுமுறை நாட்களில் மூடியிருக்கும். விடுமுறையில் வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத கால அட்டவணை அமையாது.

நாள் தேர்வு முக்கியம். அரையாண்டு விடுமுறையில் வைகுண்ட ஏகாதசியின் பகல்பத்து, இராப்பத்தும் சேர்ந்து வந்தால் ஸ்ரீரங்கத்தில் சுற்றிப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை, கூட்டம் தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபமும் அப்படியே. தீபாவளிக்கு முந்தைய வாரம் மலைக்கோட்டை அடிவாரக் கடைத்தெருவான என்.எஸ்.பி. ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது, பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்கிற பழக்கத்தை அன்று விட்டுவிடுங்கள். காலாண்டு விடுமுறையின் வார நாள் கிடைத்தால் அதுதான் நல்ல நாள்.

திரும்பும்போது மாலை ஆறிலிருந்து எட்டு வரை வண்டிகள் பிதுங்கும். திருவானைக்கோயிலில் நின்றால் நிரம்பிய வண்டிதான் வரும், ஸ்ரீரங்கத்தில் புறப்படுகிற இடத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஸ்ரீரங்கத்தைக் கடைசியில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ரயிலுக்கு நேரம் நெருக்கினால் மட்டும் ஆட்டோ: ஆப்பில் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள், ஏறுவதற்கு முன்னால். நேரம் இருந்தால் மெயின்கார்டு கேட்டில் இறங்கி மைக்கேல் ஐஸ்கிரீம் ஒரு கப். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறி ஜங்ஷன் போய், காப்பறை ரசீதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.