கொழிஞ்சாம்பாறைக்காரர் உடம்பைக் குறைக்க: ஜிம் ட்ரெய்னரா, வீட்டுக்கு வருபவரா, போன் கோச்சா?

கொழிஞ்சாம்பாறை இருக்கும் கேரளச் சித்தூர் தாலுகாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் பாலக்காடு, அந்தப் பக்கம் பொள்ளாச்சி. இரண்டு ஊரிலும் ஜிம்முக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கே வருகிற ட்ரெய்னர்களும் உண்டு, வாட்ஸ்அப்பில் கிடைக்கிற கோச்சுகளும் உண்டு. எதற்குக் காசு கொடுப்பது என்பதுதான் கேள்வி.

காசே வேண்டாம், பாலக்காடு கோட்டையைச் சுற்றி நடந்தால் போதாதா என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக நடக்கலாம். ஆனால் எழுபது கிலோ ஆள் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. திரும்பி வரும் வழியில் ஒரு சாயாவும் பழம்பொரியும் உள்ளே போனால் கணக்கு நேராகிவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி கேட்கிறது. கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் கேட்கிறது. நடப்பவர்களில் பலர் அந்த இரண்டாவதைக் கண்டுகொள்வதே இல்லை. ட்ரெய்னர் தேவைப்படுவது அங்கேதான்.

ஜிம்மில் தனி ட்ரெய்னர் வைப்பதன் பலன் முழுக்க அவர் கண்ணில் இருக்கிறது. உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர் உட்காரும்போது குதிகால் மேலே எழும்பும், முட்டி இரண்டும் உள்பக்கம் மடங்கும். செய்கிறவருக்கு அது தெரியாது. நல்ல ட்ரெய்னர் எடையைத் தொடவே விடமாட்டார். ஒரு ஸ்டூலைப் பின்னால் போட்டு, "சேட்டா, இதுல உக்காந்து எந்திரிங்க, முட்டியை வெளியே தள்ளுங்க" என்று ஒரு வாரம் அதையே செய்யவைப்பார். பிறகுதான் கையில் ஐந்து கிலோ, அப்புறம் ஏழரை. முதல் நாளே வாந்தி வருமளவுக்கு ஓட்டி, மறுநாள் படியேற முடியாமல் பண்ணுபவரிடம் இருந்து விலகிக்கொள்ளுங்கள். அது வெறும் பந்தா.

குறை என்னவென்றால், சாயங்கால நெரிசலில் ஒரே ட்ரெய்னர் நாலு பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு கையில் போன் வேறு. பணம் கட்டும் முன், நீங்கள் வரப்போகிற நேரத்திலேயே போய்க் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். சேர்ந்ததும் புரோட்டீன் டப்பாவை நீட்டினால் அவசரப்பட வேண்டாம். வாங்கியே தீர வேண்டுமென்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண் இல்லாததைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வருபவர்தான் செலவில் முதலிடம். கொண்டுவருவது ரப்பர் பேண்டும் ஒரு ஜோடி டம்பெல்லும். உடம்பு தேறத் தேற அது பத்தாமல் போகும். ஆனாலும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், முட்டிவலிக்கார அம்மா அப்பாக்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். அவர் உங்கள் அடுக்களையையும் பார்க்கிறார் என்பது கூடுதல் லாபம். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

ஆன்லைன் கோச் மலிவு. ஆனால் நீங்கள் காலையில் அனுப்பிய வீடியோவுக்கு ராத்திரிதான் "முதுகு வளையுது" என்று பதில் வரும். அவர் தரும் சாப்பாட்டுச் சார்ட்டிலோ ஓட்ஸும் பிராக்கோலியும். கொழிஞ்சாம்பாறை சந்தைக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்கில் உடல் எடையில் கிலோவுக்கு தினம் 0.83 கிராம் புரதம், அதாவது எழுபது கிலோவுக்குச் சுமார் 58 கிராம். முட்டை ஒன்றில் ஆறு கிராம் வரும், மிச்சத்துக்கு மத்தி, பயறு, தயிர் இருக்கிறது. கேரளச் சிவப்பரிசியான மட்டை அரிசிக்கு மாறினால் இளைத்துவிடலாம் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. நார்ச்சத்து கூடுதல்தான், கலோரி வெள்ளை அரிசிக்குக் கிட்டத்தட்ட அதே.

என் வரிசை இது: முதல் மூன்று மாதம் ஜிம்மில் நேரடி ட்ரெய்னர், வாரம் மூன்று நாள். அசைவுகள் கைவந்த பிறகு தனியாகவோ, ஆன்லைன் கோச்சோடோ தொடரலாம். "மாதம் பத்து கிலோ" போர்டைக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள். வாரம் அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம், முதல் வாரத்தில் இறங்குவதில் பாதிக்கு மேல் தண்ணீர். தராசை விட இடுப்பை டேப் வைத்து அளப்பது மேல். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குள் வர வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்கு எழுதும்போது சாயங்காலக் கள்ளையும் ட்ரெய்னரிடம் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் பொள்ளாச்சி ட்ரெய்னருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.